முகமூடிக்குப் போட்ட தையல்

குஸ்தியைப் பற்றிப் பேச ஒரு கிழவிக்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. டிவியில் குஸ்தி ஓடும்போது நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் சிரிக்கிறார்கள். "அதெல்லாம் டூப்புங்க. யாரு ஜெயிக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்குவாங்க" என்று எனக்குச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே தெரியும். தெரிந்த விதத்தைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அறுபதுகளின் கடைசியில் திருப்பூரில் இருந்த நம் வயதுக்காரர்கள் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருப்பீர்கள். பெஞ்சு பறந்ததையும் போலீஸ் வந்ததையும் இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். அது ஏன் நடந்தது என்று உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கோடையில் குஸ்திக் கோஷ்டி ஒன்று ஆறு வாரம் நம் ஊரில் தங்கியது. நொய்யலுக்குப் போகிற வழியில் ஒரு பொட்டலைச் சுற்றித் தகரம் அடைத்து, நடுவில் பலகை மேடை கட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் ஜட்கா வண்டி வரும். முன்னால் ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்த, பின்னால் உட்கார்ந்தவர் நோட்டீஸை வீசுவார். ரோஸ் காகிதம், தொட்டால் மை விரலில் ஒட்டும். தெருப் பிள்ளைகளோடு முட்டி மோதிப் பொறுக்கி வந்து, பழைய பூகோள நோட்டில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். அந்த நோட்டு மட்டும் இப்போது கையில் இருந்தால் நான் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. முதல் வார நோட்டீஸில் இருநூற்று நாற்பது பவுண்டு எடை இருந்தவர் நான்காம் வாரத்தில் இருநூற்று எழுபது ஆகியிருந்தார். அதை அன்றைக்கே பார்த்தேன். நன்றாகச் சாப்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைக் கூட்டிப் போனவர் அப்பா. பனியன் கம்பெனியில் டைலர். வீட்டிலும் காலால் மிதிக்கிற ஒரு மிஷின் வைத்துத் தைப்பார். ஞாயிறு மத்தியானம் குளித்து, சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "கெளம்பு கண்ணு" என்பார். அம்மாவுக்கு ஆகாது.

"ஏனுங்க, ஜட்டியப் போட்டுட்டு ரெண்டு பேரு உருளறத, பொட்டப்புள்ளைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டோணுமா?"

"அவதானுங்க பிடியெல்லாம் பேரு சொல்றா. அவ இல்லாமப் போனா எனக்கொண்ணும் புரியாது" என்பார் அப்பா.

அது உண்மையும்கூட. கத்திரிப் பிடி, கழுத்துப் பூட்டு, தோளில் தூக்கிச் சுற்றி வீசுகிற ஏரோப்ளேன் சுற்று எல்லாம் எனக்குத் தெரியும். பெண்களுக்கென்று மூங்கில் கட்டிய தனித் தடுப்பு இருந்தாலும் நான் அப்பாவோடு முன் வரிசையில்தான் உட்காருவேன். கோஷ்டிக்காரர்களின் ஜட்டி, அங்கியெல்லாம் அப்பா தைத்துக் கொடுத்ததால் எங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. மேடையில் யாராவது விழுந்தால் இடி மாதிரி சத்தம் வரும். தேங்காய் எண்ணெய் பூசிய உடம்பிலிருந்து வியர்வை எங்கள் மேல் தெறிக்கும். நான் துடைக்க மாட்டேன்.

எங்கள் ஆள் இமயச் சிங்கம். இமயமலை அடிவாரத்தில் பாலும் பாதாமும் தின்று வளர்ந்தவர் என்று நோட்டீஸ் சொன்னது. முறுக்கிய மீசை. பேசவே மாட்டார், நெஞ்சில் கையை வைத்து நான்கு பக்கமும் குனிந்து கும்பிடுவார். அவருக்கு எதிரி முகமூடி. கறுப்புத் துணிக்குள் கண்ணும் வாயும் மட்டும் தெரியும். கண்ணில் பொடி தூவுவான், நடுவர் திரும்பிய நேரம் பார்த்துக் கயிற்றால் கழுத்தை நெரிப்பான். ஐந்து வாரமும் சிங்கம் அவனிடம் அடிபட்டார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். ஆறாவது வாரம் கடைசிச் சண்டை: சிங்கம் முகமூடியைக் கிழித்து ஊருக்கு அவன் முகத்தைக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் மேடையிலேயே மீசையை எடுத்துவிட வேண்டும். கம்பெனிகளில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. நான் சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா துவைக்கத் துணி எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போயிருந்தார். பாவாடைக்குக் கொக்கி தைக்க ஊசி தேடி மிஷின் டிராயரைத் திறந்தேன். வெட்டுத் துணிக்குள் சுருட்டி ஒரு புது முகமூடி இருந்தது.

அதைக் கையில் எடுத்தேன். தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். புதுப் பனியன் துணி வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் மூக்கில் ஏறின. கழற்றி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். டைலர் வீட்டுப் பெண் தையலைப் பார்க்காமல் இருக்க மாட்டாள்.

இரண்டு பாதித் துணியை நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நடுவில் சேர்த்திருந்தது. அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருப்பீர்கள். சரியான நூல் முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் தையல் பூராவும் சர்ரென்று கழன்று வந்துவிடும். அந்தச் சங்கிலித் தையலைத்தான் அப்பா இதற்குப் போட்டிருந்தார். பிடரியில் நூல் முனை நான்கு விரல் நீளம் தொங்கியது. கறுப்பு நூலில் அந்த முனை மட்டும் சிவப்பு. தேடுகிற கைக்குச் சட்டென்று கிடைக்க வேண்டும் அல்லவா?

மெல்ல இழுத்தேன். இரண்டு அங்குலம் பிரிந்தது. விட்டுவிட்டேன்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது சிங்கத்தின் மேல் இல்லை. அப்பா மேல். பக்கத்தில் உட்கார்ந்து "அடி, விடாதே, அடி" என்று கத்திய அப்பா. சிங்கம் தோற்ற வாரம் என்னைச் சமாதானப்படுத்த, "அடுத்த வாரம் பாரு கண்ணு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அப்பா. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னாரா?

சிங்கத்துக்கு இது தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது கொட்டகை நடத்துகிற பெரியவர்கள் செய்கிற வேலை; அவருக்கு இந்த நூல் வேண்டியதே இல்லை. இதை எடுத்துவிட்டால் அவர் தன் பலத்தாலேயே கிழிப்பார். அப்போது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

சங்கிலித் தையலை முழுக்கப் பிரித்தேன். மிஷினில் உட்கார்ந்து, அழுத்தமான தையலாக இரண்டு வரிசை ஓட்டினேன். சிவப்பு முனையைப் பழையபடி பிடரியில் வைத்துத் தைத்தேன், பார்த்தால் வித்தியாசம் தெரியாத மாதிரி. கறுப்பு நூல் சுற்றிய பாபின் கிடைக்கவில்லை. அடி நூல் வெள்ளையாகவே இருந்துவிட்டது. உள்பக்கம்தானே, யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் பழையபடி சுருட்டி வைத்திருந்ததை அப்பா பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"நாளைக்குச் சிங்கம் உடமாட்டான், பாரு கண்ணு."



ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தகரத்துக்கு வெளியிலும் நின்றது. வழக்கமான அடி, வழக்கமான பொடி. பிறகு சிங்கம் எழுந்து மீசையைத் தடவினார். ஊரே எழுந்து நின்றது. முகமூடியைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து, பிடரிக்குக் கையைக் கொண்டுபோனார். நேராகச் சிவப்பு நூலுக்கு. தடவக்கூட இல்லை.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் போய்விட்டது. சிங்கத்துக்கும் தெரியும்.

இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். நூல் அறுந்து கையோடு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். மேடையில் பாடத்தை மறந்துவிட்ட பள்ளிக்கூடப் பையன் முகம். கூட்டம் "கிழி, கிழி" என்று கத்தியது. அவர் முகமூடியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். பனியன் துணி இழுபட்டதே தவிரக் கிழியவில்லை. கண்ணுக்கு வெட்டிய ஓட்டை காதுப் பக்கம் போய்விட்டது. கழுத்து நாடா இறுகியது. உள்ளே இருந்தவர் கையைக் காற்றில் வீசினார். முன் வரிசையில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, துணிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே... மூச்சு முட்டுது அண்ணே..."

சிங்கம் கையை எடுத்துவிட்டார். எடுத்திருக்கக் கூடாது, பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். கண் தெரியாமல் எழுந்து ஓடிய முகமூடி கயிற்றில் மோதி, மேல் கயிற்றைத் தாண்டி, தலைகீழாகக் கீழே வந்து விழுந்தார். கயிற்றை இழுத்துக் கட்டிய முளைக் கம்பியில் தோள் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஊர் கைதட்டியது.

அப்பா ஓடினார். டைலர்கள் சட்டைப் பையில் எப்போதும் நூல் வெட்டுகிற கத்திரி இருக்கும். நாடாவை வெட்டி, துணியை வாயிலிருந்து மேலே வெட்டி, முகத்தை வெளியே எடுத்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அம்மைத் தழும்பு முகம். உதடு நீலமாக இருந்தது. கொட்டகையை நடத்தியவர் வந்து அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏனுங்க டைலர், என்னங்க இது? நூலு ஏனுங்க வல்ல?"

அப்பா கையில் இருந்த துணியைத் திருப்பினார். வெள்ளை நூல் தெரிந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான்.

"தப்பு என்னோடதுங்க. தையல் மாறிப் போச்சுங்க" என்றார்.

அதற்குள் பின்னால் யாரோ, "மீசைய எடுக்கச் சொல்லுங்கடா" என்று கத்த, முதல் பெஞ்சு பறந்தது. மீதி உங்களுக்குத் தெரியும். சிங்கம் மீசையோடு லாரியில் ஏறிப் போனார்.

கோஷ்டி மறுநாளே ஊரைக் காலி செய்தது. ஆஸ்பத்திரியில் தோளுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்ட அந்தப் பையனுக்குப் போக இடமில்லை. அப்பா வீட்டுக்குக் கூட்டி வந்தார். "நம்ம தையலால வந்த வெனைங்க. எலும்பு சேருமுட்டும் இங்கியே இருக்கட்டும்" என்றார். குஸ்தி ஆகாத அம்மா அவருக்குப் பருப்பும் நெய்யும் போட்டுச் சோறு பிசைந்து கொடுத்தார்.

அவர் சாத்தூர்ப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய பையன். சிங்கம் அவருடைய கூடப் பிறந்த அண்ணன். இமயமலையை இருவரும் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

அவர் பேசப் பேச எனக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பலகைக்கு அடியில் காங்கேயத்து எண்ணெய் ஆலையின் காலி டின்களை அடுக்குவார்களாம்; இடி மாதிரி சத்தம் அதில்தான் வந்தது. கன்னத்தில் அறையும்போது அடிக்கிறவன் தன் தொடையில் தட்டிக்கொள்வான். முகமூடி ஈரோட்டில் வேறு ஆள், கரூரில் வேறு ஆள். "பவுண்டெல்லாம் அச்சாபீஸ்காரர் போடுத எடை, பாப்பா" என்று சிரித்தார்.

"ஆனா விழுகது மட்டும் நெசம். அதப் படிக்க ரெண்டு வருசம் ஆச்சு. தாடைய நெஞ்சோட ஒட்டிக்கிடணும். கையை விரிச்சுத் தரையில அடிக்கணும். எம் பொழப்பே அதுதான். அன்னைக்கு எப்படித் தப்பா விழுந்தேன்னுதான் தெரியல."

ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது அதைச் சொல்வார். எப்படித் தப்பா விழுந்தேன்? நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தண்ணீர் எடுக்கப் போகும்போது.

"தெரிஞ்சேதான் கத்துனீங்களாப்பா?"

"தெரியுங் கண்ணு. கத்தறப்ப மறந்து போயிரும்" என்றார்.

முகமூடியைப் பற்றி அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். அவர் அன்று என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நான் அழுதுவிட்டு அந்தப் பையனிடம் போய்ச் சொல்லியிருப்பேன். வயதான பிறகு இதுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் அம்மா கடையிலிருந்து வெல்லம் வாங்கி வந்தார். சுற்றியிருந்த காகிதம் ரோஸ். பிரித்துப் பார்த்தால் காங்கேயத்துக் குஸ்தி நோட்டீஸ்.

"என்ன பாப்பா போட்டிருக்கு? வாசி" என்றார் பாயில் படுத்திருந்தவர்.

"இமயச் சிங்கம் மோதும்... தோல்வியே காணாத முகமூடி."

"நானா?" என்று பெரிதாகச் சிரித்தார். "அப்ப நல்லாத்தான் சண்டை போடுதேன் போல." பிறகு காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை சண்டைன்னா அண்ணனுக்கு இங்க வர நேரம் இருக்காது, பாப்பா. அதான் வரல."

அண்ணன் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். மத்தியானம். லுங்கி, கைமடித்த சட்டை. தலையைக் குனிந்து வாசலில் நுழைந்தார். மேடையில் பார்த்த ஆளில் பாதி. என் வெட்கத்தைச் சொல்கிறேன்: எல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தார். பாய் விரித்தும் சிங்கம் உட்காரவில்லை.

"எப்படிடா இருக்கு?"

"தேவலை அண்ணே. இன்னும் ஒரு மாசத்துல சரியாயிரும்னு டாக்டர் சொல்லுதாக. அப்புறம் நான் வந்து..."

"பார்ப்போம்டா. உன் பூட்ஸ் எங்க? புதுப் பயலுக்கு உன் அளவுதான்."

மேடையில் போட்ட கறுப்பு பூட்ஸைத் தம்பி தலைமாட்டில் துடைத்து வைத்திருந்தார். நல்ல கையால் எடுத்து நீட்டினார்.

"நூல் வரலைன்னதும் நீ குப்புறக் கெடந்திருக்கணும்டா" என்றார் சிங்கம், நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்துகொண்டே. "எந்திரிச்சு ஓடி, நீயும் விழுந்து, எம் பேரையும் கெடுத்துட்ட. தொழில் தெரியாதவன் மாதிரி."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவரு மேல தப்பில்லீங்க" என்றேன். "நான்தானுங்க. தையலப் பிரிச்சு நான்தான் மாத்தித் தெச்சேன்."

"கண்ணு, உள்ள போ" என்றார் அப்பா.

சிங்கம் என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"நீங்க நெசமாலுமே கிழிப்பீங்கன்னுங்க."

பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினார். தம்பி பக்கம் திரும்பவில்லை.

அவர் போன பிறகு தம்பி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

அப்பா தரையைப் பார்த்தார். "அன்னைக்கே தெரியுமுங்க. சின்னப்புள்ள, வெவரமில்லாமப் பண்ணிப் போட்டா..."

"அது சரி. சின்னப்பிள்ளை. நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. தொழில மறந்துட்டேன்னு நெனச்சு ராப்பகலா என்னையே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேனே. உங்க சோத்தத் தின்னுட்டு, உங்களத் தெய்வம்னு நெனச்சுக்கிட்டு."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நான் கொண்டுபோன காப்பி அப்படியே ஆடை படர்ந்து ஆறியது. அம்மா கொண்டுபோனதைக் குடித்தார்.

மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. காங்கேயத்துக்கு இல்லை, ஊருக்கு என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். "வாரேன் அக்கா" என்றார். அப்பாவிடம் தலையை மட்டும் அசைத்தார். நான் கதவுப் பக்கம் நின்றேன். என்னைத் தாண்டிப் போனார், அங்கே ஒரு தூண் நிற்கிற மாதிரி.

நான் செருப்புப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அவர் நான் வந்த பக்கத்து ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க, ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, "அண்ணா" என்றேன்.

என்னைப் பார்த்தார். பிறகு கட்டுப்போட்ட கையை அணைத்துக்கொண்டு எழுந்து, பஸ்ஸின் அந்தப் பக்கத்து இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.